பாழ்நிலம் என்று எழுதுமுன்

இப்பகுதியை மாதந்தோறும் வாசித்துவரும் அன்பர்கள், இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சற்று வியப்படையலாம். பாலைவனத்தைப் பற்றி எழுதப்போகிறோம். அதுவும் கடல்கள் பல கடந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையில் கிடக்கும் பாலைவனத்தைப் பற்றி. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டிலும் குவார்ட்டர்ஸிலும் குடியிருக்கும் நமக்கும் அந்த மணற்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், தொடர்பு உண்டு என்பதே நமது விடை. சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவனுக்கு ஒரு நாட்டில் நிலம் உண்டா, இல்லையா? இதுவே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

முதலில் நம் வழக்கில் உள்ள ஒரு சொல்லைக் கவனிப்போம். 'புறம்போக்கு' என்பது ரெவினியூ இலாகாவின் சொல். வரிவிதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்டு, பொது உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என அதில் வகைகள் பல. நிலமில்லாதவன் வீட்டு ஆடு மேய்ந்ததும், அவன் மனைவி சுள்ளி பொறுக்கியதும், முடிவில் அவன் உடல் வெந்ததும் அந்த நிலத்திலேதான். அத்தகைய அருமையான சொல், நாளடைவில் உதவாக்கரைகளை வைவதற்குரிய வசைச்சொல்லாகி விட்டது. பொதுச் சொத்தைக் குறிக்கும் சொல்லே வசையாகிவிட்ட இடத்தில், அந்தச் சொத்தின் கதி யாதாகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பாலைவனங்களுக்கு உலகெங்கும் நேர்ந்தது இதுவே. 'பாழ்' என்று முதலில் எழுதுகிறார்கள். அதன்பின் எவர் வந்து எதைச் செய்தாலும் கேட்பாரில்லை. இந்த வழக்கத்தை அமெரிக்கர் எவ்வாறு ஓரளவு மாற்றினர், அம்மாற்றம் எவ்வளவு உறுதியானது என்பவற்றை இனிக் காண்போம்.

யாருடைய நிலம்?

அமெரிக்க நாட்டின் மொத்த நிலப்பரப்பில் 100-க்கு ஏறத்தாழ 28 பங்கு, அதாவது சுமார் 64 கோடி ஏக்கர், மத்திய அரசின் கையில் உள்ளது. அரசின் கையில் உள்ளதெனினும் அதனை 'மக்களின் நிலம்' என்றே அங்கு வழங்குகின்றனர். பல தலைமுறையாக வாழும் செல்வருக்கும், நேற்றுக் குடியுரிமை பெற்ற கூலித் தொழிலாளிக்கும் அதில் சமபங்கு. இருவரும் அங்கே கூடாரமடிக்கலாம், நடக்கலாம், இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கலாம்.

இந்நிலம் முதலில் எவருடையது என்பதையும் மறத்தலாகாது. போரினாலும் உடன்படிக்கைகளாலும் அந்நாட்டுப் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டதே அது. பறித்த நிலத்தை அரசு 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் உழுவோர்க்கு வழங்கிற்று. நீர்வளமுள்ள நிலங்கள் விரைவில் தீர்ந்தன. எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வறண்ட நிலமே எஞ்சிற்று. அவ்வாறு எஞ்சிய நிலத்தை இனி விற்றுத் தீர்ப்பதில்லை, பொதுவாகவே வைத்துக் காப்பது என்னும் கொள்கை 1976-இல்தான் சட்டமாயிற்று.

ரயில் போட்ட சதுரங்கம்

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இக்கதையில் மிகவும் சுவையாகத் தோன்றுவது, அதில் ரயில் புகுந்த பகுதியாகும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடகிழக்கே பரந்து கிடப்பது மொஹாவிப் பாலைவனம். 1883-இல் அதன் குறுக்கே இருப்புப்பாதை போடப்பட்டது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். தந்திக்கு ஆள் வேண்டும். ஆகவே, ஊரே இல்லாத இடத்தில் நிலையங்கள் எழுந்தன. ஊர் இல்லாத நிலையத்துக்குப் பெயர் வைப்பது எங்ஙனம்? அதிகாரிகள் எளிய வழி கண்டனர். அம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி, எசெக்ஸ், பென்னர், காப்ஸ் என்று ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் பெயர்கள் அமைந்தன. கோப்புகளை அகரவரிசையில் அடுக்கும் நம் போன்றோர்க்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

பாதை போட்ட கம்பெனிகளுக்கு அரசு பணமாகக் கொடுத்ததைவிட நிலமாகக் கொடுத்ததே மிகுதி. தண்டவாளத்தின் இருமருங்கிலும் நிலத்தைச் சதுர மைல்களாக, அதாவது 640 ஏக்கர் கொண்ட கட்டங்களாக அளந்தனர். ஒற்றைப்படை எண்ணுள்ள கட்டம் ரயில் கம்பெனிக்கு. இரட்டைப்படை எண்ணுள்ளது அரசுக்கு. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகை விரித்ததுபோல இருக்கும். காகிதத்தில் இஃது அழகிய ஏற்பாடுதான். ஆனால் ஆமைக்கும் ஆட்டுக்கும் காற்றுக்கும் கட்டம் தெரியுமா? ஒரு கட்டத்தைக் காத்து, அடுத்த கட்டத்தைக் கைவிட்டால், காத்ததும் பயனற்றுப் போகும். இந்தச் சதுரங்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது.

ஒரு கையெழுத்தின் ஆற்றல்

இனி, 'தேசிய நினைவுச்சின்னம்' என்பது யாது எனக் காண்போம். நம் நாட்டில் அச்சொல்லைக் கேட்டவுடன் தஞ்சைப் பெரிய கோயிலும் செஞ்சிக் கோட்டையும் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் தொடக்கத்தில் நோக்கம் அதுவே. தென்மேற்கு மாநிலங்களில் பண்டைப் பழங்குடியினரின் கல்வீடுகளைத் தோண்டிப் பானைகளையும் எலும்புகளையும் அள்ளிச் சென்று விற்றுவந்தனர் பலர். அதனைத் தடுக்கும் பொருட்டு 1906 ஜூன் 8-ஆம் நாள் தியோடர் ரூஸ்வெல்ட் தொல்பொருட் சட்டத்தில் கையொப்பமிட்டார். அரசுக்கு முன்னமே சொந்தமான நிலத்தில் வரலாற்றுச் சிறப்போ அறிவியற் சிறப்போ உடைய பொருள் இருப்பின், காங்கிரஸ் சபையின் வாக்கெடுப்புக்குக் காத்திராமல், ஜனாதிபதியே ஒரு பிரகடனத்தால் அதனைத் தேசிய நினைவுச்சின்னமாக்கலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். அதற்கெனப் பிரிக்கும் நிலம் அப்பொருளைக் காப்பதற்குத் தேவையான குறைந்த அளவாகவே இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டத்தை இயற்றியோர் சில இடிபாடுகளையே மனத்தில் கொண்டிருந்தனர் போலும். ரூஸ்வெல்ட்டோ 1908-இல் கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கையே, 8 லட்சம் ஏக்கருக்கு மேல், ஒரு கையெழுத்தில் நினைவுச்சின்னமாக்கினார். அப்போது அங்கே ரால்ப் கேமரன் என்பவர் சுரங்க உரிமைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் இறங்கும் பாதையில் குதிரையில் செல்வோரிடம் ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்துவந்தார். 'பள்ளத்தாக்கு எப்படித் தொல்பொருள் ஆகும்?' என்று அவர் தொடுத்த வாதம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1920-இல் நீதிபதிகள் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். லட்சக்கணக்கான ஆண்டுகளாக நதி அறுத்த நிலமும் அறிவியற் சிறப்புடைய பொருளே என்பது அன்று நிலைபெற்றது.

நினைவுச்சின்னமாக்கினால் என்ன நேரும்? தனியார் நிலம் பறிபோவதில்லை. முன்பே உள்ள நியாயமான உரிமைகள் நீடிக்கும். பல இடங்களில் கால்நடை மேய்ப்பதற்கும் தடையில்லை. புதிதாகச் சுரங்கம் தோண்டவும், எண்ணெய் எடுக்கவும், குத்தகை விடவும் மட்டுமே பெரும்பாலும் கதவு அடைக்கப்படும்.

மணற்காட்டுக்காக ஒரு மாது

கிராண்ட் கேன்யனைக் கண்டோர் எவரும் அதன் அழகை மறுக்கமாட்டார். மணலும் முள்ளும் நிறைந்த வெற்றுவெளியைக் காக்கவேண்டும் என்று சொல்லத்தான் துணிவு வேண்டும். அத்துணிவுடையவர் மினர்வா ஹாய்ட் என்னும் அம்மையார். லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த பாசடேனாவில் வசதியாக வாழ்ந்தவர். மகனையும் கணவனையும் இழந்தபின் பாலைவனத்தில் ஆறுதல் கண்டவர். அக்காலத்தில் நகரத்துத் தோட்டங்களை அலங்கரிப்பதற்காகக் கள்ளிச்செடிகளையும், ஜோஷுவா மரம் எனப்படும் முள்ளிலை மரங்களையும் வண்டி வண்டியாகப் பெயர்த்துச் சென்றனர். வேடிக்கைக்காக மரங்களுக்குத் தீயிட்டோரும் உண்டு.

அம்மையார் மேடைப் பேச்சை மட்டும் நம்பினாரல்லர். பாலைவனச் செடிகளையே பெயர்த்து வந்து நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்சியாக அமைத்து, 'இதுவா பாழ்?' என்று ஜனங்களே கேட்குமாறு செய்தார். 1936 ஆகஸ்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜோஷுவா மர நினைவுச்சின்னத்தைப் பிரகடனம் செய்தார். பரப்பு சுமார் 8,25,000 ஏக்கர். ஆயினும் 1950-இல் சுரங்கத் தொழிலின் பொருட்டு அதிலிருந்து இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் வெட்டி நீக்கப்பட்டது. 1994-இல் பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோதுதான் அந்நிலத்தின் பெரும்பகுதி மீண்டது. அவ்விடம் தேசியப் பூங்காவாகவும் உயர்ந்தது. கொடுத்த காகிதம் பறிபோகும், பறிபோன காகிதம் மீளும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

'வெற்றுவெளி' என்கிறோமே, அதில் உண்மையில் இருப்பவை யாவை? மொஹாவியில் ஒருவகைக் குத்துச்செடி, நடுத்தண்டு பட்டுப்போகப் போக வெளிப்புறமாகத் துளிர்த்து வட்டமாக வளர்கிறது. அத்தகைய வட்டம் ஒன்றின் வயது சுமார் 11,700 ஆண்டு என ஆய்வாளர் கணித்துள்ளனர். அங்குள்ள ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்வளையிலேயே கழிக்கிறது. மழை பெய்யும்போது குடித்த நீரை உடலில் சேமித்து மாதக்கணக்கில் காலந்தள்ளுகிறது. மணலின் மேற்பரப்பும் உயிரற்றதன்று. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து ஒரு மெல்லிய ஆடைபோலப் படர்ந்து, மண் பறக்காமல் பிடித்து வைத்துள்ளன. 1942 முதல் 1944 வரை ஜெனரல் பாட்டன் தொடங்கிய போர்ப்பயிற்சி முகாம்கள் அங்கே நடந்தன. டாங்கிகள் சென்ற தடம் 80 ஆண்டுகள் கடந்தும் பல இடங்களில் அழியவில்லை. வயலில் உழுத சால் ஒரு மழையில் மறையும். பாலையில் இட்ட காயமோ மூன்று தலைமுறைக்கும் ஆறுவதில்லை.

வாங்கிக் கொடுத்த நிலம்

இப்போது அந்த ரயில் சதுரங்கத்துக்கு வருவோம். கம்பெனியின் ஒற்றைப்படைக் கட்டங்கள் கைமாறி, இறுதியில் ஒரு நில வியாபார நிறுவனத்திடம் சேர்ந்திருந்தன. 1990-களின் முடிவில் அவை விற்பனைக்கு வந்தன. வைல்ட்லாண்ட்ஸ் கன்சர்வன்சி என்னும் அறநிறுவனம் நன்கொடை திரட்டி, அரசின் உதவித் தொகையும் சேர்த்து, 1999 முதல் 2004 வரை ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கரை வாங்கிற்று. நன்கொடை மட்டும் 4 கோடி டாலருக்கு மேல். வாங்கிய நிலத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல், 'என்றும் இவ்வாறே இருக்கட்டும்' என்னும் எண்ணத்துடன் மக்களின் நிலத்தோடு சேர்த்துவிட்டது.

அடுத்து நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. சில ஆண்டுகளுக்குள், அதே நிலத்தில் சூரியமின் நிலையங்களும் காற்றாலைகளும் அமைக்க அனுமதி கேட்டுக் கம்பெனிகளின் விண்ணப்பங்கள் குவிந்தன. நில நிர்வாக இலாகாவும் அவற்றைப் பரிசீலிக்கத் தொடங்கிற்று. நன்கொடையாகப் பெற்றதென்பது தெரிந்தும், அந்நிலத்துக்குச் சட்டப்படியான தனிப் பாதுகாப்பு எதுவும் எழுதப்படாமையே காரணம். செனட்டர் டயான் பைன்ஸ்டைன் அம்மையார் 2009-இல் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார்; மசோதாவும் கொண்டுவந்தார். பலமுறை கொண்டுவந்தும் அது நிறைவேறவில்லை. முடிவில் பழைய 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாடினர். 2016 பிப்ரவரி 12-ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா மொஹாவி டிரெயில்ஸ் நினைவுச்சின்னத்தைப் பிரகடனம் செய்தார். பரப்பு சுமார் 16 லட்சம் ஏக்கர். அம்பாய் எரிமலை வாயும் கேடிஸ் மணற்குன்றுகளும், பழைய ரயில் நிலையங்களை ஒட்டிச் செல்லும் பெயர்பெற்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலையின் நீண்ட பகுதியும் அதனுள் அடங்கின.

சூரியமின்சாரம் தீயதென்று நாம் சொல்லவில்லை. நிலக்கரிப் புகையைக் குறைக்க அஃது இன்றியமையாதது. இதற்கும் அங்கே ஒரு வழி கண்டனர். அதே 2016-இல் கலிபோர்னியப் பாலைவனத்தில் 1 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலத்தை ஆராய்ந்து, மின் உற்பத்திக்கு உகந்தது இது, தொடக்கூடாதது இது என வரையறுத்தனர். சுமார் 3,88,000 ஏக்கர் மின் உற்பத்திக்கென ஒதுக்கப்பட்டது. எதை எங்கே செய்வது என முன்கூட்டியே எழுதிவைத்தால் பாதிச் சண்டை குறையும் என்பது இதனால் விளங்கும்.

எழுதியதை அழிக்கும் கை

ஜனாதிபதியின் பிரகடனத்துக்கு எதிர்ப்பே இல்லை எனக் கருதலாகாது. 'தலைநகரில் அமர்ந்துகொண்டு எங்கள் மாநிலத்தின் நிலத்தைப் பூட்டுவதா? சுரங்கமும் மேய்ச்சலும் இன்றி எங்கள் பிள்ளைகள் எங்கே பிழைப்பர்?' என்று கேட்போர் உள்ளூரில் பலர். அக்கேள்வியைப் புறக்கணித்தல் நியாயமன்று. வயோமிங் மாநிலத்தார் இவ்வாறு கிளர்ந்தெழுந்து, 1950-இல் தம் மாநிலத்தில் காங்கிரஸ் சம்மதமின்றி இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்றே சட்டம் பெற்றுவிட்டனர்.

மற்றொரு குறை இன்னும் வேதனையானது. 1933-இல் மரணப் பள்ளத்தாக்கு நினைவுச்சின்னமானபோது, அங்கேயே காலங்காலமாக வாழ்ந்த டிம்பிஷா ஷொஷோனி மக்களை எவரும் கேட்கவில்லை. தம் மண்ணிலேயே அவர்கள் ஆக்கிரமிப்பாளர் போல நடத்தப்பட்டனர். கோடையில் அவர்கள் மலைக்குச் சென்றிருந்த சமயம், காலியாயிருந்த மண்வீடுகள் கரைத்துத் தள்ளப்பட்டன. 2000-ஆம் ஆண்டில்தான் ஒரு சட்டத்தின்மூலம் 7,700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர்களுக்கு மீண்டது. நிலத்தைக் காப்பது என்ற பெயரால் நிலத்தின் மக்களை விரட்டுவது காவலன்று. அதுவும் ஒருவகைக் களவே.

இப்பிழையிலிருந்து பாடம் கற்றனர் என்றே சொல்லவேண்டும். யூட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் பகுதியைக் காக்கும்படி முதலிற் கேட்டவர்களே ஐந்து பழங்குடியினத்தார். 2016 டிசம்பரில் 13½ லட்சம் ஏக்கர் அவ்வாறு பிரகடனமாயிற்று. நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. ஆனால் 2017 டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப் அதில் 100-க்கு 85 பங்கைக் குறைத்தார். 2021 அக்டோபரில் ஜனாதிபதி பைடன் அதனை மீட்டார். ஒரே நிலம், ஐந்தாண்டுக்குள் மூன்று கையெழுத்து!

2025 ஜனவரியில் பைடன் தம் பதவிக்காலத்தின் இறுதி நாட்களில் சக்வல்லா நினைவுச்சின்னத்தைப் பிரகடனம் செய்தார். ஜோஷுவா மரப் பூங்காவுக்குத் தெற்கே உள்ள அதன் பரப்பு 6,24,000 ஏக்கர். சக்வல்லா என்பது அங்கு வாழும் ஒரு பெரிய பல்லி. பகை வந்தால் பாறையிடுக்கில் புகுந்து, மூச்சை இழுத்து உடலை உப்பவைத்துக்கொள்ளும். பிறகு எவரும் அதனை இழுத்தெடுக்க முடியாது. அப்பல்லிக்கு வாய்த்த உபாயம் அதன் நிலத்துக்கு வாய்க்கவில்லை. நினைவுச்சின்னத்தை ரத்துச் செய்யும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை என்பது 1938 முதல் அரசின் சட்ட அதிகாரிகள் கொண்டிருந்த கருத்து. 2025 மே மாதத்தில் நீதி இலாகா அக்கருத்தை மாற்றி, ரத்துச் செய்யலாம் என எழுதிற்று.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பிரகடனம் ஒரு வேலி. வேலி வேண்டும், ஆனால் வேலி மட்டும் பயிரைக் காவாது. 1936-இல் எழுதியதை 1950-இல் அழித்தனர். 1994-இல் மீண்டும் எழுதவைத்தது எது? இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் சலியாமல் கேட்டுக்கொண்டிருந்த சாதாரண ஜனங்களே அன்றோ!

நம் ஜன்னலுக்கு வெளியே

நம் முன்னோர் பாலையைப் பாழென்று தள்ளினாரல்லர். ஐந்திணையுள் ஒன்றாக வைத்து, அதற்கும் மரமும் பறவையும் பண்ணும் வகுத்தனர். அத்திணையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடும்பொருட்டு வீட்டைப் பிரிந்து வழிநடப்போரின் நிலம் அது. நம்மைப் போன்றோரின் திணை எது என்று எவரேனும் கேட்டால், பாலை என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்!

இந்தியாவின் பெரும்பாலை ராஜஸ்தானத்துத் தார். அங்கே ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்காவென 1980-இல் அறிவிக்கப்பட்டது. ஜெய்சால்மர் நகருக்கு அருகே ஆகல் என்னுமிடத்தில், 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்துள்ளது. நம் திருவக்கரையின் கல்மரங்களுக்கும் அதே சிறப்பு உண்டு.

எனினும் தாரின் மெய்யான காவல் அரசாணைகளுக்கு முற்பட்டது. 'ஓரண்' எனப்படும் தெய்வக்காடுகள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. ஊர்த்தெய்வத்தின் பெயரால் விட்ட அக்காட்டில் பச்சைமரத்தை வெட்டார்; ஆடும் மாடும் ஒட்டகமும் மேயலாம். ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் 1730-இல் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுடுவதற்காக மரம் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்னும் பெண்மணி முதலாக 363 பிஷ்ணோய் மக்கள் மரங்களைத் தழுவி நின்று உயிர் துறந்தனர். அவர்கள் உயிரினும் மேலாக மதித்த கேஜ்ரி மரம் வேறெதுவுமன்று. நம் கோயில்களில் தலவிருட்சமாக நாம் வலம்வரும் வன்னி மரமே அது.

அத்தகைய ஓரண்கள் பல, ரெவினியூப் பதிவேட்டில் 'தரிசு' என்றே எழுதப்பட்டுள்ளன. தரிசென்று எழுதியதால், சூரியமின் நிலையங்களுக்கும் மின்கம்பிப் பாதைகளுக்கும் அவற்றை ஒதுக்குவது எளிதாயிற்று. ஜெய்சால்மர்க் கிராமத்தார் நெடுந்தூரம் நடந்தும் வழக்காடியும் முறையிட்டனர். 2024 டிசம்பர் 18-ஆம் நாள் உச்சநீதிமன்றம், ராஜஸ்தானத்துத் தெய்வக்காடுகளை அளந்து வரைபடமிட்டு வனமாக அறிவிக்க வேண்டும் என மாநில அரசுக்குக் கட்டளையிட்டது. கலிபோர்னியாவில் நன்கொடை நிலத்துக்கு நேர்ந்ததும் இங்கே தெய்வ நிலத்துக்கு நேர்ந்ததும் ஒன்றே. மக்கள் மனத்தில் எழுதியிருந்தது, பதிவேட்டில் எழுதப்படவில்லை.

ஜோத்பூரை அடுத்த பாட்லாவில் 2,245 மெகாவாட் திறனுள்ள சூரியமின் பூங்கா இயங்குகிறது. நம் நாட்டு ரயில்கள் இன்று பெரும்பாலும் ஓடுவது மின்சாரத்தினால். ஆகவே மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி ரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கு இல்லை. எந்த இடத்தில், எவரைக் கேட்டு, எதை விட்டுவைத்து என்று கேட்கும் உரிமை மட்டும் நமக்கு உண்டு.

வாசகர்கள் செய்யத்தக்கது யாதெனில், பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்தமுறை லீவில் சொந்த ஊர் செல்லும்போது, கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் புறம்போக்கு விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். மேய்க்கால் எத்தனை ஏக்கர், ஏரி எத்தனை ஏக்கர், ஏட்டில் உள்ளது நிலத்தில் உள்ளதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். பட்டா நிலத்தை விற்று வெளியேறிய குடும்பமாயினும், அந்தப் பொதுநிலத்தில் உங்கள் ஊரார் அனைவர்க்கும் உள்ள பங்கு விற்கப்படவில்லை. வந்து தங்கிய ஊரிலும் அவ்வாறே. காலனிப் பிள்ளைகள் பந்தாடும் மைதானமும், கோடையில் கால்நடை நீரருந்தும் குட்டையும் எவருடையவை என்று கேட்டால், 'நம்முடையவை' என்று சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் செல்லும் வண்டியில் ஏறும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வெளியே என்னப்பா இருக்கிறது?' என்று குழந்தை கேட்கும்போது, 'ஒன்றுமில்லை, தூங்கு' என்று சொல்லிவிடாதீர்கள். அதோ அந்த வன்னி மரத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.